கைகாட்டியும் நிற்காத படகு

ஒன்பது மணிப் படகு நிற்காமலே போய்விட்டது.

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. படகுத்துறையின் நுனியில், பளிச்சென்று கண்ணில் படும்படி நின்றுதான் கையை உயர்த்தி ஆட்டினார். படகோட்டி பார்க்காமலும் இல்லை. பார்த்தார், சிரித்தார், பதிலுக்குக் கையை ஆட்டினார், போயே போய்விட்டார்.

பணி ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியும் அவருக்குக் கண்டக்டர் என்பதுதான் பெயர். மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு டிரிப்பைக்கூடத் தவறவிடாதவர். முதல் வெளிநாட்டுப் பயணமாக, தமிழ் பேசுகிறவர்கள் வாழும் இந்தத் தீவுகளுக்கு வந்து, இன்றோடு ஊர் திரும்ப வேண்டும். தங்கியிருந்தது சின்னத் தீவு. விமான நிலையம் பெரிய தீவில். நடுவில் மணிக்கு ஒரு படகு. பதினொரு மணிப் படகையும் விட்டால் விமானம் போய்விடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊரில் அழைத்துப்போக வரும் மச்சினன் இருக்கிறானே, "கண்டக்டரே வண்டிய விட்டுட்டாரு" என்று ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான்.

"அதோ வலை காயப்போடுறாரே, அவர்கிட்ட கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"எதை? வண்டிய எப்படி நிறுத்துறதுன்னா? நான் போய் அத இன்னொருத்தர்கிட்ட கேக்கறதா?"

"சரி கண்டக்டரே. அப்ப நிறுத்துங்க."

அவர் பையிலிருந்து விசிலை எடுத்தார். எங்கே போனாலும் கூடவே வரும் விசில். அதன் இலக்கணம் எளிது: நீளமாக ஒன்று என்றால் நிறுத்து, சின்னதாக இரண்டு என்றால் போ. இந்த இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் ஒரு பஸ்ஸையே ஆட்டிவைத்தவர்.

பத்து மணிப் படகு தெரிந்தது. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைகளை மடியில் போட்டபடி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். படகின் மூக்கு மெல்லத் துறைப் பக்கம் திரும்பியது.

"திரும்புதுடி, திரும்புது."

எதற்கும் உறுதியாக இருக்கட்டும் என்று நீளமாக ஒரு விசில் ஊதி, சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். திரும்பிய மூக்கு பழையபடி நேரானது. பயணிகள் எழுந்து நின்று கையாட்டினார்கள். கூரைமேல் இருந்த கோழிக்கூடைக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். படகு ஆரன் அடித்துவிட்டுப் போனது.

"மரியாதை தெரிஞ்ச ஜனங்க," என்றாள் மனைவி. "நாம வந்த அன்னிக்கும் ஒவ்வொரு துறையிலயும் நின்னு கையாட்டுனாங்க. பதிலுக்கு ஆட்டி எனக்குத் தோள்பட்டையே வலிச்சுது."

"மரியாதைய வெச்சுக்கிட்டு விமானம் ஏற முடியுமா? சின்னதா ஆட்டுறோம், அதான் தப்பு. உன் காவிப் புடவைய எடு."

"கட்டாத புடவை, தெரியுமில்ல?"

"இன்னிக்குக் கொடியேத்திடலாம்."

புடவையைக் குடைக் கம்பியில் கட்டியாயிற்று. உயரம் வேண்டும் என்று பெட்டிமேல் ஏறினார். பதினொரு மணிப் படகு வந்தது. அவர் ஆட்டிய ஆட்டலைப் பார்த்து, வலைக்காரரும் அவர் வீட்டாரும் ஓடிவந்து பக்கத்தில் நின்று உற்சாகமாகக் கையாட்டினார்கள்.

"பாரு, துணைக்கு வந்துட்டாங்க. இனி எப்படி நிக்காம போவான்?"

படகு போகத்தான் பார்த்தது. கண்டக்டர் எம்பிக் குதித்தார். பெட்டியின் மூடி படாரென்று உடைந்து, முழங்கால்வரை உள்ளே இறங்கினார். குடை கடலுக்குப் போனது, விசிலும் அதன் பின்னாலேயே போனது. காற்றில் சட்டைகள் பறக்கத் தொடங்கின. மனைவி ஒரு மூட்டைத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பெட்டிக்குள் அசையாமல் நின்றார். ஆட்ட இனி கையும் இல்லை, தெம்பும் இல்லை.

படகு திரும்பி, நேராக வந்து, அவர் மூக்குக்கு நேரே நின்றது.

ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டருக்கு மீசை துடித்தது. டிக்கெட் கொடுக்கும் அம்மாளின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்ததும், "நானும் நம்ம லைன்தாம்மா" என்றார். அந்த அம்மாள் விசிலைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் சின்னதாக இரண்டு ஊதினார். படகு கிளம்பியது. வாழ்க்கையில் இதற்குமேல் என்ன வேண்டும்?

உடனே மச்சினனுக்குப் போன் போட்டார். "படகப் பிடிச்சாச்சு மாப்ள. ஓடுற படக எப்படி நிறுத்துனேன்னு வந்து விவரமா சொல்றேன்."

போனை வைத்ததும் மனைவி அவரைப் பார்த்தாள். "எப்படி நிறுத்துனீங்க?"

அது அவருக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, டிக்கெட் அம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, எதப் பார்த்து நிறுத்துனீங்க?"

"அட, காலையிலேர்ந்து எங்க படகையெல்லாம் பாசமா வழியனுப்புனது நீங்கதானா அண்ணே? எங்க ஊர்ல, படகுல வராதவங்கதான் கையாட்டுவாங்க. ஏறணும்னா கைய ஆட்டாம சும்மா நின்னா போதும்."