மருமகன் டொக்டரின் வாங்கு பற்றிய முறைப்பாடு

கல்முனை

பேரன்புள்ள மருமகன் டொக்டர் றுமைஸ் அவர்களுக்கு, உங்கள் உம்மாவின் மூத்த சகோதரன், உங்கள் மாமா அச்சிமுகம்மது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

வழமையாகக் கடிதம் எழுதுகிறவர்கள் இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவார்கள். டொக்டருக்கு எழுதும் கடிதத்தை அப்படித் தொடங்கினால் அந்த வரியோடு முடித்துவிட வேண்டியதுதான். ஆகையால் மாமிக்குச் சுகம், பிள்ளைகளுக்குச் சுகம், குர்பானுக்கு வளர்க்கும் ஆட்டுக்கும் சுகம், எனக்குத்தான் சுகமில்லை என்று எழுதுகிறேன். ஒரே வீதியில் இருந்துகொண்டு, டிஸ்பென்சரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, இந்த மனிசன் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். தயவுசெய்து இதைக் கண்ணால் மட்டும் வாசிக்கவும். உங்களுக்கு இரத்த றிப்போட்டை உரத்து வாசிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. பேக்கரிக்காரருடைய கொலஸ்ட்ரோலை நீங்கள் வாசித்த நாளிலிருந்து அவருடைய பணிஸை வாங்க ஆட்கள் யோசிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். எனக்குச் சிறுநீர் ஒழுங்காகப் போவதில்லை. அடிக்கடி வருகிற மாதிரி இருக்கும், போய்க் குந்தினால் வராது, வந்தாலும் முடிந்தது என்று எழும்பி வர முடியாது. அல்ஹம்துலில்லாஹ், எழுதிவிட்டேன். எழுதும்போதே காது சூடாகிறது. சாகாமப் பக்கம் வயற்கண்டம் முழுவதற்கும் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்த வட்டவிதானை நான். எந்த வாய்க்காலை எப்போது திறப்பேன் என்று வயற்சொந்தக்காரப் போடியார்மாரெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு இப்படியொரு வருத்தம் என்று வெளியில் தெரிந்தால் தேநீர்க்கடையில் சும்மா விடுவார்களா? ஒரு மாரிக்குப் போதுமான பகிடி அவர்களுக்கு.

டொக்டரிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வந்தேன், மருமகன். ஒரு தடவையல்ல. வந்து பார்த்தால் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் அந்த நீட்டு மரவாங்கு. நேரம் வீணாகக்கூடாது என்று அடுத்தடுத்த நம்பர்க்காரர்களை, வாசலில் துண்டு கொடுக்கிற றுஸ்னாப் பிள்ளை உள்ளே கூப்பிட்டு அதில் வரிசையாக இருத்திவிடுகிறாள். உங்களுக்கு நேரம் மிச்சம், உண்மைதான். வாங்கில் இருப்பவர்களுக்கு இலவசப் படம். பார்க்கிறதோடு நிற்கிறார்களா? ஆளாளுக்கு வைத்தியமும் சொல்கிறார்கள். நான் கதிரையில் இருந்ததும் "மாமா, என்ன செய்யிது?" என்று அன்பாகத்தான் கேட்டீர்கள். வாயைத் திறந்தேன். வாங்கில் முதல் ஆளாக என் மகளின் மாமனார், சம்பந்தி ஆதம்பாவா. அவருக்குப் பக்கத்தில் மகளுக்குக் கணக்குப் படிப்பித்த காரைதீவு தங்கேஸ்வரி டீச்சர். இரண்டு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். தன் மகனை எங்கள் வீட்டில் மாப்பிள்ளையாக விட்டிருக்கிற மனிசனுக்கு முன்னால் நான் என்னத்தைச் சொல்ல? "இருமல்" என்றேன்.

"இருமுங்க பாப்பம்" என்றீர்கள். பொய்யிருமல் என்று பிடிபட்டுவிடக் கூடாதே என்று கொஞ்சம் கூடுதலாகவே இருமிவிட்டேன் போலிருக்கிறது. "சளி உள்ளுக்குக் கட்டியிரிக்கி மாமா" என்று முகத்தில் மாஸ்க்கை மாட்டி ஆவி பிடிக்க வைத்துவிட்டீர்கள். மாஸ்க்குக்குள் நான் முழித்துக்கொண்டிருக்க, "ஆடாதோடை இலைய அவிச்சுக் குடிங்க விதானையார்" என்று டீச்சர் சொல்கிறா. "மச்சானுக்கு ஐஸ் தண்ணி ஒத்துவராது, நான் அப்பவே சொன்னன்" என்று சம்பந்தி சொல்கிறார். எப்பவே சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வந்து சேர முன்னர் இருமல் வந்து சேர்ந்துவிட்டது. வருத்தம் பார்க்க ஆட்கள் பிஸ்கட்டும் தோடம்பழமும் மோல்ட்டுப் பேணியுமாக வந்து மண்டபத்தில் இருக்கிறார்கள். "அல்லாட காவல்! உங்களுக்கு எப்ப இருமல் வந்த? ஊருக்கெல்லாம் தெரியிது, கூட இரிக்கிற எனக்குத் தெரியாதே!" என்று உங்கள் மாமி ஸுஹைறா குசினிக்குள் இழுத்துவைத்துக் கேட்டா. உண்மையான வருத்தம் அவவுக்குத் தெரியும். "மருமகனுக்கிட்ட சொல்ல என்ன வெக்கம்?" என்று அனுப்பிவைத்ததே அவதான். வந்தவர்கள் தோடம்பழத்தோடு வந்திருக்கிறார்களே, அவர்களைச் சும்மா அனுப்பலாமா? ஆளுக்கு ஒரு இருமல் இருமித்தான் அனுப்பினேன்.

அடுத்த தடவை சொல்லியே தீருவது என்று பிஸ்மி சொல்லிக்கொண்டு வந்தேன். வாங்கில் யார்? மறுபடியும் சம்பந்தி. அவருக்கு எனக்கு முந்தின நம்பர். நீங்கள் கேட்டதும் தொண்டையைக் கனைத்தார், என்னைப் பார்த்தார், "முட்டுக்கால் நோவு" என்றார். என் முறை வந்ததும் எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை, "எனக்கும் முட்டுக்கால்தான்" என்று சொல்லிவிட்டேன். படுக்க வைத்து, மடக்கி, நீட்டி, தட்டிப் பார்த்தீர்கள். "முட்டில ஒண்டும் விளங்கல்லியே மாமா" என்று நீங்கள் சொன்னபோது, முட்டில் இருந்தால்தானே விளங்குவதற்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சரி, வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் சம்பந்திக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை, பக்கத்தில் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் கதிரை. பள்ளிவாசல் முஅத்தின் காலிதீன் மரியாதையாகக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் இருத்துகிறார். முட்டு நன்றாக இருக்கிறவன் கதிரையில் இருந்து தொழுதுவிட்டு நாளை மறுமையில் என்ன பதில் சொல்வது? பாத்றூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி எழும்பினேன், அது பொய்யில்லை. அப்படியே பின்வாசலால் வெளியேறி, என்னைத் தெரியாத ஒரு பள்ளியைத் தேடி வேகமாக நடந்தேன். முட்டு நோவுக்காரன் இந்த வேகத்தில் நடக்கிறானே என்று வீதியில் நின்ற இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி உங்களிடம் சரிவராது, நம்மைத் தெரியாத ஊரில் தெரியாத டொக்டரிடம் சொல்வோம் என்று அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். கோபிக்க வேண்டாம், உங்கள் கைராசியில் குறையில்லை, வாங்கில்தான் குறை. அங்கே ஒரு டிஸ்பென்சரிக்குள் காலை வைத்தால், மூலையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒருவர். பேப்பர் தலைகீழாக இருந்தது. செருப்பைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். "என்ன மச்சான் இந்தப் பக்கம்?" என்றேன். "நெல்லு விலை விசாரிக்க வந்த நான்" என்றார் சம்பந்தி. "நீங்க?" "நானும் நெல்லு விலைதான்" என்றேன். இரண்டு பேரும் டொக்டரைப் பார்க்காமல் ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தோம். இந்த மனிசன் என்னை எங்கேயும் நிம்மதியாக வருத்தக்காரனாக இருக்க விடுகிறாரில்லை.

ஃபோனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் கை எப்போதும் யாருடையவாவது வயிற்றில் இருப்பதால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். வொய்ஸ் அனுப்பினாலும் அதே கதை. உங்கள் உம்மாவிடம் சொல்லி அனுப்பலாமா என்றும் யோசித்தேன். என் தங்கச்சி றபீக்காவிடம் சொல்வதும் பள்ளி மைக்கில் சொல்வதும் ஒன்று. பெற்ற தாய் என்று பார்க்காமல் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

பகிடியை விடுங்கள் மருமகன். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் சாச்சாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவர் வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை, மூத்திரத்தில் இரத்தம் போன பிறகுதான் சொன்னார். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள், மையித்தாகத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு இரத்தம் ஒன்றும் போகவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் போகும்போது அதைத்தான் பார்க்கிறேன். மகளுக்கு அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கிறது. அதன் காதில் பாங்கு சொல்ல நான் இருக்க வேண்டும் என்று ஆசை. மாத்திரையோ ஊசியோ, வெட்டிக் கொத்துகிறதோ, எதுவானாலும் சரி, என்னவென்று பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆகையால் மாமா கேட்பது ஒன்றுதான். அந்த வாங்கைத் தூக்கி வெளியில் போடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஒரு திரையாவது கட்டுங்கள், சீலை ஸுஹைறா தருவா. அதுவும் முடியாவிட்டால் சம்பந்தி ஆதம்பாவா வருகிற நாட்களை எனக்குச் சொல்லிவிடுங்கள், நான் மற்ற நாட்களில் வருகிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, பசை பூசி, நம்பர் எடுத்து வந்து என் கையாலேயே தருவேன். வாங்கிலிருந்து யாராவது என்னவென்று கேட்டால் கலியாணக் காட் என்று சொல்லுங்கள்.

உங்கள் கைக்கு அல்லாஹ் ஷிபாவைத் தரட்டும், உங்களிடம் வருகிறவர்களுக்கு உண்மை சொல்லத் தைரியத்தைத் தரட்டும். வீட்டாருக்கும் சின்னவனுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
இருமலும் இல்லாத, முட்டுக்காலும் நோகாத
உங்கள் மாமா அச்சிமுகம்மது

பி.கு: மருமகன், மேலே எழுதியதில் வாங்கைப் பற்றிய பகுதியை வெட்டிவிடவும். கையெழுத்துப் போட்டுவிட்டு உறை எடுக்க எழும்பியவன், வழியில் பாத்றூமுக்குப் போனேன். என் வருத்தத்தின்படி அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தால், முட்டுக்கால் விசாரிக்க வந்த சம்பந்தி மேசைக்கு முன்னால் இருக்கிறார். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். கையில் கடைசித் தாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். "மச்சான், கோவிச்சிக்காதீங்க. டொக்டர் மருமகன்ட பேரப் பாத்துப்போட்டுத்தான் வாசிச்ச நான்" என்றார். பிறகு வாசற்பக்கம் பார்த்து, ஸுஹைறா இல்லை என்று தெரிந்ததும், "எனக்கும் இதான் மச்சான். போன நோன்பிலரிந்து. பொண்ணு வீட்டாள் நீங்க வாங்கில இரிக்கக்குள்ள நான் எப்பிடிச் சொல்ற? அதான் முட்டுக்கால் எண்ட நான்" என்றார். அக்கரைப்பற்றுக்கு அவர் போனதும் நெல்லு விலைக்கு இல்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பாத்றூமுக்கு ஓடினோம். பிறகு அவர், "உங்கட சாச்சாக்கு நடந்தத வாசிச்சதிலரிந்து எனக்கும் பயமா இரிக்கி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் ஒன்றாக வருகிறோம். முதலில் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதுதான் மரியாதை என்றேன். கலியாணத்திலிருந்து இன்றுவரை எந்த மரியாதையையும் விட்டுக்கொடுக்காத மனிசன், "இந்த ஒரு விஷயத்தில பொண்ணு வீடு முந்தட்டும்" என்கிறார். சரி, நானே சொல்கிறேன். அவரை மட்டும் வெளியில் அனுப்பிவிடாதீர்கள், மருமகன். அவர் பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு வாய் வரும்.