ஜன்னல் மூலைக்கு ஒரு கடிதம்

எங்கள் வீட்டு ஜன்னல் மூலையில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டு, காலை நீட்டிப் படுத்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். அதே மூலையில் மேஜையோடு சேர்ந்த பெரிய தையல் மெஷின் போட வேண்டும் என்று என் மனைவிக்கு மூன்று வருட ஆசை. அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் அவளிடம்தான் தைக்க வருகிறது. ஒரு குட்டி மெஷினைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தைக்கிறாள். மூன்று வேளையும் நான் சாப்பிட உட்காரும்போது எல்லாவற்றையும் வாரிச் சுருட்டி எடுத்து வைக்கிறாள். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் சபதம் எடுத்தேன்.

சண்டை போட்டு அவளை ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான இரண்டாம் வாரமே புரிந்துவிட்டது. ஆனால் என் தொழில் என்ன? ஆன்லைன் கடை ஒன்றில் வாங்குகிறவர்களின் மனசை அளக்கிற உத்தியோகம். 'இன்னும் இரண்டே மிச்சம்' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுமே, அதை எழுதுகிறவன் நான்தான். பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் நழுவுகிறவர்களுக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுவதும் எங்கள் பிரிவுதான். சாதாரண ஆட்களுக்குக் கம்ப்யூட்டரே அனுப்பிவிடும். எதற்கும் மசியாத பிடிவாதக்காரர்கள் மட்டும் என் மேஜைக்கு வருவார்கள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் அல்லவா? அலுவலகத்தில் என் பெயரே 'கரைப்பார்'. இந்தப் பெருமையைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் விஸ்தாரமாகச் சொல்வேன். அவளும் பொறுமையாகக் கேட்பாள். எவ்வளவு கவனமாகக் கேட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் தொழிலின் பால பாடம் இது: விற்க வேண்டியதை நடுவில் வை. ஒரு பக்கம் யானை விலையில் ஒன்று, மறுபக்கம் உட்கார்ந்தால் உடைகிற மாதிரி ஒன்று. ஆள் தானாக நடுவில் கை வைப்பான். மூன்று நாற்காலிப் படங்களைப் போனில் வரிசையாக வைத்து மனைவியிடம் நீட்டினேன்.

"இந்த மூணுல உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?"

"நாற்காலி வேணுமான்னு கேக்கவே இல்லையே. எதுன்னு நேரா தாவிட்டீங்க?"

முதல் அடியே நெற்றிப்பொட்டில். சமாளித்துக்கொண்டேன்.

"நடுவுல இருக்கறதைப் பாரேன். இன்னும் ரெண்டே ரெண்டுதான் மிச்சமாம்."

"பாவம், வேற யாராவது ரெண்டு பேர் நிம்மதியா படுக்கட்டுமே."

"இப்ப, இந்த நிமிஷம், நாப்பத்தோரு பேர் இதைப் பாத்துக்கிட்டிருக்காங்க!"

"ஞாயித்துக்கிழமை காலையில அவங்க வீட்டுல வேலை எதுவும் இல்லையா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"சரிங்க, ஆசைப்பட்டுட்டீங்க. கூடையில போட்டு வையுங்க. யோசிப்போம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடையில் போட்ட பொருள் பாதி சொந்தம் என்பது எங்கள் வேதவாக்கு. போட்டேன். அன்று மாலை அந்த மூலையில் பாயை விரித்துப் படுத்து ஒத்திகையே பார்த்தேன்.

மறுநாள் மேலாளர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"யோவ் கரைப்பாரே, ஒரு கேஸ். தையல் மெஷின். நாப்பது நாளா கூடையில கிடக்குது. பதினோரு கடிதம் போயிருக்கு. ஆள் அசையல."

"தள்ளுபடி?"

"ஒவ்வொரு தடவையும் ஏத்தியாச்சு. இனிமே நம்மால முடிஞ்ச உச்சம் வரைக்கும் குடுத்துடுய்யா. எனக்கு இது மானப் பிரச்சினை."

எங்கள் திரையில் வாடிக்கையாளரின் எண் மட்டும்தான் தெரியும், பெயர் வராது. பதினோரு கடிதத்துக்கும் கரையாத அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அப்படி ஒரு நெஞ்சழுத்தம்! 'தங்களைத் தடுப்பது எது?' என்று பணிவாக ஒரு வரி கேட்டேன். பதில் வந்தது: 'ஆசைதான். ஆனால் அதைப் போட நினைத்த வெளிச்சமான இடம், படுத்துக்கொள்ளத் தனக்கு வேண்டும் என்கிறார் வீட்டில் ஒருவர். அவருக்கு எப்படிச் சொல்வது?'

மாமியார்! சந்தேகமே இல்லை. பாவப்பட்ட ஒரு மருமகள், இரக்கமில்லாத ஒரு மாமியார். எனக்கு ரத்தம் கொதித்தது. பேனா பிடித்த இத்தனை வருடங்களில் அப்படி ஒரு கடிதம் நான் எழுதியதில்லை. 'இதை அப்படியே அவரிடம் காட்டுங்கள்' என்று ஆரம்பித்து இப்படி முடித்தேன்: 'உழைக்கிற கைக்குத்தான் வெளிச்சம் வேண்டும். சும்மா படுத்துக் கிடக்கிறவருக்கு எந்த மூலையும் போதும். கொஞ்சமாவது மனசாட்சி இருந்தால் அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள்.' கூடவே உச்சத் தள்ளுபடி.

எட்டே நிமிடத்தில் மெஷின் விற்றது. மேலாளர் எழுந்து நின்று கை தட்டினார்.

இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் பெரிய பெட்டி வந்து இறங்கியது. மனைவி மனமிரங்கி வாங்கிய நாற்காலிதான் என்று துள்ளிக் குதித்து, கொண்டுவந்த ஆளோடு நானே ஒரு பக்கம் பிடித்து ஜன்னல் மூலைவரை தூக்கி வந்தேன். பிரித்தால் தையல் மெஷின்.

"என்னம்மா இது?"

மனைவி போனை எடுத்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள். "'உழைக்கிற கைக்குத்தான் வெளிச்சம் வேண்டும்...' யாரு பெத்த பிள்ளையோ, என்னமா எழுதியிருக்கான்!"

"நாப்பது நாளா அசையாத ஆள் நீதானா?"

"நீங்கதானே சொல்வீங்க, அசையாதவங்க எல்லாம் கடைசியில உங்க மேஜைக்குத்தான் வருவாங்கன்னு. வேற யாரு எழுதினாலும் உங்களுக்கு உறைக்குமா? அதான் நீங்களே எழுதற வரைக்கும் காத்திருந்தேன்."

நான் சபதம் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே அவள் ஆட்டத்தை ஆரம்பித்திருக்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது. படம் போட்டு, வரைபடம் போட்டு எங்கள் அலுவலகம் படிக்கிற மனசு சாஸ்திரத்தை இவள் காய்கறி நறுக்கிக்கொண்டே படித்துவிட்டாள். அவள் மெஷின் முன் உட்கார்ந்து, வெளிச்சத்தில் துணியை விரித்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். மூன்று வருடம் முன்பே இதை நான் செய்திருக்க வேண்டும். வெட்கமாகவும் இருந்தது.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது?

"அப்ப நாற்காலி?"

"கூடையில போட்ட அன்னைக்கே உங்களுக்கு முக்கால்வாசி சந்தோஷம் வந்துடுச்சுங்க. பாய் போட்டுப் படுத்ததைப் பாத்தேனே. மீதிக் கால்வாசிக்காக எதுக்கு அதைப் போய் வாங்கிக்கிட்டு?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூலையில் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்கிறவன் நான்தான், நின்றுகொண்டே.