செபம் வாசித்த கண்கள்

குருநகரில் மூன்று வாரமாக மீனைவிட அதிகம் விலைபோனது, செபக்கூட்டம் நடத்த வந்த பிரதர் லெனாட்டின் எண்ணெய்தான். கண்ணில் இரண்டு சொட்டு விட்டால் பிள்ளைகளின் கிட்டப்பார்வை பறந்துவிடுமாம். கண் வைத்தியர்கள் பாவம், இத்தனை வருடம் படித்து என்ன கண்டார்கள்!

மக்டலீனும் மகள் ஷெரோனோடு வரிசையில் நின்றாள். பிள்ளைக்கு அடுத்த மாதம் புலமைப்பரிசில் பரீட்சை. கண்ணாடியைப் பார்த்து வகுப்பில் "சோடாப்புட்டி" என்று பகிடி பண்ணுகிறார்கள். அது தாய்க்குப் பொறுக்கவில்லை.

பிரதர் முதலில் ஓர் அட்டையைச் சுவரில் தொங்கவிட்டார். கண்டபடி கலந்த எழுத்துகள். கண்ணாடியைக் கழற்றிய ஷெரோன் இரண்டாம் வரியிலேயே திணறினாள். பிறகு எண்ணெய். பிறகு வேறோர் அட்டை.

"ஒளி வந்த கண் முதலிலை செபத்தைத்தான் பாக்கவேணும்," என்றார் பிரதர்.

மங்கள வார்த்தைச் செபம் மேலே பெரிதாகத் தொடங்கி, கீழே எறும்பளவில் முடிந்தது. ஷெரோன் கடைசிச் சொல் வரை கடகடவென்று வாசித்தாள். சனம் கைதட்டியது. காணிக்கை உண்டியலுக்குள் போனது. கண்ணாடி கூடைக்குள் போனது. சனிக்கிழமை கடலில் எறிவார்களாம்.

வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளை, தெருவோரம் நின்ற மோட்டார் சைக்கிளில் போய் முட்டினாள். மக்டலீனுக்குச் சுருக்கென்றது. வந்ததும் கலண்டரைச் சுவரில் கொழுவினாள். வலைக்கயிறு அளக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து இரண்டு பாகம் அளந்து, பிள்ளையை அங்கே நிறுத்தினாள்.

"ஒரு கண்ணைப் பொத்து. மேல் வரியிலை என்ன இலக்கம்?"

"எட்டோ, மூண்டோ... தெரியேல்லை அம்மா."

மற்றக் கண்ணும் அப்படியேதான்.

"அப்ப அங்கை எப்பிடியடி வாசிச்சனீ?"

"பிரதர் செபம் எண்டவர். நான் சொன்னனான்."

மக்டலீன் கதிரையில் இருந்துவிட்டாள். பின்னேரம் தோறும் செபமாலையில் ஐம்பது தரம் சொல்கிற செபம்! தன் மடத்தனத்தை நினைக்க அவளுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். எண்ணெய் விட்ட ஒரு சிறுமி கண்ணை மூடியபடி நின்றாள். மக்டலீன் செப அட்டையைப் பின்பக்கம் திருப்பினாள். வெறும் வெள்ளை.

"இப்ப கண்ணைத் திறந்து செபத்தை வாசி, பிள்ளை."

சிறுமி கண்ணைச் சுருக்கி, அந்த வெள்ளையைப் பார்த்து, முதற்சொல்லிலிருந்து கடைசிச்சொல் வரை ஒரு பிசகில்லாமல் வாசித்து முடித்தாள்!

சனம் அட்டையையும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்தது.

"தங்கச்சி, விசுவாசம் குறைஞ்சால்..." என்று இழுத்தார் லெனாட்.

"விசுவாசம் என்னட்டைக் கிடக்கு. மாதாவின்ரை செபத்தை வைச்சே எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தினீங்கள். கரும்பலகையிலை ரீச்சர் எழுதுறதை என்ரை பிள்ளை இனி என்னெண்டு பாக்கிறது?"

அவள் கூடைக்குள் கைவிட்டு ஷெரோனின் கண்ணாடியை எடுத்தாள். மற்றத் தாய்மாரும் பாய்ந்தார்கள். அந்த அமளியில் பிரதர் பின்வாசலால் நழுவிவிட்டார். உண்டியலையும் காணவில்லை.

"அப்ப உந்த எண்ணெய் மூட்டுவலிக்கெண்டாலும் கேக்குமோ?" என்றார் ஒருவர்.

கிட்டப்பார்வைப் பிள்ளைக்குத் தூரத்து எழுத்துத்தான் தெரியாது. பெரியவர்களுக்கோ மூக்குக்கு முன்னால் பிரதர் அட்டையை மாற்றியதே தெரியவில்லை. அதற்கு எந்தக் கடையிலும் கண்ணாடி விற்பதில்லை ஐயா; கொஞ்சம் யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.