சொந்த மெக்கின்டோஷ்

ஆப்பிள் வந்தது. திரையில் அதன் கீழே ஒரு வெள்ளைக் கோடு வந்தது. கோடு பாதி தூரம் ஓடி நின்றுவிட்டது.

கிருஷாந்தி பத்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தாள். கோடு அசையவில்லை. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா பேச்சியம்மா, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, இன்னும் அதே பழந்தானா?"

"அதே தான்மா."

"யாரோ கடிச்சு வச்சிருக்காங்களே. கடிச்ச பழத்தில இருந்து என்ன வரும்?"

கிருஷாந்தி கணினியை அணைத்தாள். அன்று சனிக்கிழமை. அந்தக் கோடு முழுத் தூரமும் ஓட, வியாழக்கிழமை வரைக்கும்தான் அவகாசம்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்த வினை. அக்கரப்பத்தனையில் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த கடிதம். தேயிலை மலைகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, எங்கே செடி செத்திருக்கிறது, எங்கே ஓடை ஓடுகிறது என்று கணினி வரைபடத்தில் குறிக்கும் வேலை. கேட்ட தகைமை உயர்தரத் தேர்ச்சியும் கணினி டிப்ளோமாவும். இரண்டும் அவளிடம் இருந்தன. வியாழன் காலை பத்து மணிக்கு நேர்முகப் பரீட்சை. கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் கடைசி வரியை வீட்டாருக்கு வாய்விட்டு வாசித்தாள்.

"கேண்டிடேட்ஸ் மஸ்ட் ப்ரிங் தெயார் ஓன் மெக்கின்டோஷ்."

"அப்படின்னா?" என்றார் அப்பா வீரய்யா. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷின் பார்த்து, முழங்கால் தேய்ந்து வீட்டில் இருப்பவர்.

"சொந்த மெக்கின்டோஷ் கொண்டு வரணுமாம். ஆப்பிள் கம்பியூட்டர்ப்பா. படம் வரையிறவங்க, வீடியோ செய்றவங்க எல்லாம் அதுல தான் வேலை செய்வாங்க. இது மேப் வேலைல்ல, அதான் கேக்கிறாங்க."

"வேலை குடுக்கிறவன் மம்பட்டியையும் குடுக்கணும். இவங்க மம்பட்டியையும் நம்மளையே கொண்டு வரச் சொல்றாங்களா?"

"மஸ்ட்னு போட்டிருக்குப்பா. மஸ்ட்னா மஸ்ட் தான்."

இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பஸ். வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடை, ஒரே அறையில் எட்டுப் பேரோடு தங்குமிடம். சித்தி மகள் எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தாள். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நின்ற அந்த லயத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் போயிருந்தார்கள். போனவர்களைக் கிருஷாந்தி குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடம் ஹட்டனுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் டிப்ளோமா முடித்தது சேலை மடிப்பதற்கு அல்ல என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மெக்கின்டோஷ் என்ன விலை என்று போனில் தேடினாள். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் நிமிர்த்தினாள். சாதாரண உதிரிப்பாகங்களை வாங்கி நாமே ஒரு கணினியைச் செய்து, அதில் மெக்கின்டோஷின் இயங்குதளத்தை ஏற்றலாமாம். ஆப்பிள் கம்பெனி இதை ஒப்புக்கொள்ளாது. பழுதானால் கேட்க நாதியில்லை. ஆனால் உலகம் முழுக்கப் பிடிவாதக்காரர்கள் சிலர் அதைச் செய்து, எப்படிச் செய்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதியும் வைத்திருந்தார்கள். பிடிவாதத்தில் கிருஷாந்தி அவர்களில் யாருக்கும் இளைத்தவள் அல்ல.

ஹட்டனில் பழைய கணினிகளை வாங்கி விற்கும் மேர்வின் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"தங்கச்சி, இது லயத்துக் காம்பராவுக்கு பங்களா போர்டு மாட்டுற வேலை."

"போர்டு மாட்டினா போதும் அண்ணே. உள்ள வந்தா பாக்கப் போறாங்க?"

"வந்து பாத்தா?"

"பாக்கிறப்போ பாத்துக்கலாம்."

பணத்துக்குப் பதிலாக, இனிமேல் சனிக்கிழமை பின்நேரங்களில் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மேர்வின் ஒரு பழைய அலுவலகக் கணினியின் வயிற்றுப் பகுதியையும், வேறொன்றின் மூளையையும், யாரோ கைவிட்ட ஒரு கிராபிக்ஸ் கார்டையும் சாக்கில் கட்டிக் கொடுத்தார். இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றியும் கொடுத்தார். அதைப் பூட்டிப் பார்த்தபோதுதான் பாதியில் நின்ற அந்தக் கோடு வந்தது.

"கிராபிக்ஸ் கார்டைக் கழட்டிட்டுப் பாரு" என்றார் மேர்வின் போனில்.

கழற்றினாள். கோடு முழுத் தூரமும் ஓடியது. ஓடி முடித்ததும், 'இது பழுதான பிரதி, நிறுவ முடியாது' என்று ஓர் அறிவிப்பு வந்தது.

பிடிவாதக்காரர்களின் பக்கங்களைப் புரட்டினாள். பிரதி பழுதில்லையாம். அதற்குக் கொடுத்த தவணை முடிந்துவிட்டதாம். கணினியின் திகதியை 2018க்குத் திருப்பி வைத்தால் ஒன்றும் தெரியாதது போல் வேலை செய்யுமாம்.

"ரெண்டாயிரத்துப் பதினெட்டா?" என்றார் வீரய்யா ஆர்வமாக. "அப்ப என் முழங்கால் நல்லா இருந்துச்சு. என்னையும் சேத்துத் திருப்பி வை."

2018இல் இயங்குதளம் சமர்த்தாக ஏறியது. ஆனால் திரையில் எல்லாமே ரோஸ் நிறமாக இருந்தன. வானம் ரோஸ். மலை ரோஸ். எழுத்துகூட ரோஸ்.

பேச்சியம்மா தேத்தண்ணி கோப்பையோடு வந்து நின்று பார்த்தாள். "மலையெல்லாம் ரோஸாத் தெரிஞ்சா, செத்த செடி எது உசிருள்ள செடி எதுன்னு எப்படி புள்ள கண்டுபிடிப்ப?"

நியாயமான கேள்வி. நிறம் சரியாக வேண்டுமானால் கழற்றிய கார்டையே மறுபடி பூட்டி, சில கட்டளைகளை மாற்றி எழுத வேண்டும். அந்தக் கார்டுக்கு மின்சாரம் கூடத் தேவை. மேர்வினிடம் பெரிய பவர் சப்ளை ஒன்றை வாங்கி வந்து, திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் பூட்டி சுவிட்சைப் போட்டாள்.

லயம் முழுக்க இருண்டது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்துக் காம்பரா சுதர்ஷினி வாசலில் நின்றாள்.

"அக்கா! தாலி கட்டுற நேரம் பாத்தா கரண்ட்டை எடுப்ப?"

"ஐயோ, யாருக்குடி கல்யாணம்?"

"நாடகத்துல! ஆறு மாசமா இழுத்து இன்னிக்குத் தான் மேடைக்கே கூட்டி வந்தாங்க. அவன் கட்டினானா, அவ ஓடிட்டாளா, ஒண்ணும் தெரியலையே!"

அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு காம்பராக்காரர்கள் இதே கவலையோடு நின்றார்கள். கிருஷாந்தி கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டாள்.

"தள்ளு புள்ள" என்று எழுந்தார் வீரய்யா. "மெஷின்னா என்கிட்ட விடணும். ஃபியூஸ் கம்பி மெல்லிசா இருக்கு. தடிப்பா ஒண்ணு போட்டா லயம் இருட்டாகாது."

தடிப்பாக ஒன்று போட்டார். லயம் இருட்டாகவில்லை. பவர் சப்ளைதான் 'டப்' என்று வெடித்தது. காம்பரா முழுக்கக் கருகின வாடை. வீரய்யா வந்து உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கொழும்புக்கு உடுப்பு அடுக்கவா புள்ள?" என்று பேச்சியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அடுக்காதீங்கம்மா. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

செவ்வாய்க்கிழமை வேறொரு பவர் சப்ளை வந்தது. வீரய்யா இந்த முறை மேர்வினிடமே போனில் கேட்டுக் கேட்டு, வீட்டு வயரை முறையாகச் சரிசெய்தார். புதன் பகல், லயமே வேலைக்குப் போயிருந்த நேரம், ஆப்பிள் வந்தது. கோடு வந்தது. முழுத் தூரமும் ஓடியது. நீல வானமும் பச்சை மலையுமாகத் திரை விரிந்தது. கிருஷாந்தி நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. நேரம் போகப் போக அதன் நினைவகம் எங்கோ கசிந்து, கணினி மந்தமாகிவிடும். மெமரி லீக் என்றார் மேர்வின். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திப் போட்டால் சமாளிக்கலாம்.

வியாழன் காலை வீரய்யா மொனிட்டரைத் துணியில் சுற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டார். கிருஷாந்தி கணினிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். முதல் வளைவிலேயே மழை பிடித்துக்கொண்டது. அவள் யோசிக்கவே இல்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போட்டு, பொத்தான்களைப் பூட்டி, கோட்டின் தொப்பியையும் இழுத்துவிட்டாள். தூரத்தில் நின்று பார்த்தால், ஒருத்தி குண்டுக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது போல் இருந்தது.

தோட்டத்து ஓப்பீசில் தட்டச்சு செய்யும் பெற்றீசியா அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வந்துட்டீங்களா! உங்களை நம்பித் தான் இருக்கோம்."

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கிருஷாந்தி சுற்றிலும் பார்த்தாள். "வேற யாரும் வரலையா மிஸ்?"

"ஏழு பேருக்குக் கடிதம் போட்டோம். ஆறு பேர் போன் பண்ணிட்டாங்க, மெக்கின்டோஷ் வாங்க வசதியில்லைன்னு. துரைக்குச் சரியான கோபம். எனக்கென்ன தெரியும், அவர் சொன்னதை டைப் பண்ணினேன்."

கிருஷாந்தியின் மனதில் ஐந்து நாளாக இருந்த பாரம் பாதி இறங்கியது.

தோட்டத்து மேலாளரான துரை வந்தார். ஓய்வுபெற்ற பிறகு கம்பெனி மறுபடி கூப்பிட்டு வைத்திருக்கும் பழைய காலத்து ஆள். அரைக் காற்சட்டை, முழங்கால் வரை காலுறை, அந்தக் கால துரைமார் தமிழ்.

"உன் பேப்பர் எல்லாம் பார்த்தது. டிப்ளோமா நல்லா இருக்குது. மெக்கின்டோஷ் எங்கே?"

"இதோ சேர்." பெட்டியைக் கோட்டோடு அப்படியே மேசையில் வைத்தாள்.

துரை குனிந்தார். விரல்களால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல மெக்கின்டோஷ். எங்கே வாங்கினது?"

"வாங்கல சேர். ஒவ்வொரு பார்ட்டா எடுத்து நானே செஞ்சது."

"நீயே செஞ்சதா! வெரி குட். லீக் ஆகுமா?"

பொய் சொல்லி வேலைக்குச் சேர அவளுக்கு மனமில்லை. "கொஞ்சம் ஆகும் சேர். அரை மணிக்கு ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்."

துரை பெற்றீசியாவைப் பார்த்தார். பெற்றீசியா கூரையைப் பார்த்தாள்.

"சரி. சூடா இருக்குமா?"

"சூடே ஆகாது சேர்! உள்ளுக்கு ரெண்டு ஃபேன் பூட்டியிருக்கேன்."

"இந்தக் குளிருக்கு ஃபேனா?"

மகளுக்கு ஏதோ இடைஞ்சல் வருகிறது என்று நினைத்து வீரய்யா முன்னால் வந்தார். "தொரைங்க ஒண்ணுக்கும் பயப்பட வேணாம். கரண்ட் வேலை எல்லாம் நான் சரி பண்ணிட்டேன். இனிமே வெடிக்காது."

"வெடிக்காது" என்று துரை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். மேசையிலிருந்து அரை அடி பின்வாங்கினார். பிறகு, மற்ற ஆறு பேரும் வராததை நினைத்துக்கொண்டார் போலும், கடிதத்தை எடுத்து ஒரு சரி அடையாளம் போட்டார்.

"திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வா, அங்கே தான் வேலை பிரிச்சுக் குடுக்கிறது. மெக்கின்டோஷ் மறக்க வேணாம். தினமும் கொண்டு வரணும். மலைக்கும் அது கூடவே போகணும்."

"மலைக்குமா சேர்?"

"மலைக்குத் தான்."

கிருஷாந்தி ஜன்னல் வழியே பார்த்தாள். பனிமூட்டத்துக்குள் தேயிலை மலை செங்குத்தாக ஏறிப்போயிற்று. மொனிட்டரை அப்பா தூக்குவாரா, தினமும் தூக்குவாரா என்று ஒரு கணக்குப் போட்டாள். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. பின்வாங்குவதாக இல்லை.

"கொண்டு போறேன் சேர். மேல பிளக் பொயின்ட் இருக்குங்களா?"

துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார், வீரய்யாவைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதுவரை தேத்தண்ணித் தட்டோடு மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓப்பீஸ் வேலைக்காரர் பொன்னையா, கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"தங்கச்சி, பழைய துரைமாரு பாஷையில மெக்கின்டோஷ்னா மழைக்கோட்டு. நீங்க கம்பியூட்டருக்குப் போட்டுக் கூட்டி வந்திருக்கீங்களே, அதுக்குத் தான் இப்ப வேலை கிடைச்சிருக்கு."