மூக்குவரை வந்த அண்ணன்

பென் டிரைவைக் கணினியிலிருந்து வெறுமனே உருவிவிடும் மனிதர்களை நான் நம்புவதில்லை. என் அண்ணன் அப்படிப்பட்டவர். (அவர்மேல் எனக்கிருந்த பாசம் வேறு கணக்கு.)

அண்ணன் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டினார். பஸ்ஸில் போடப் பாட்டு வேண்டுமென்று என் வீட்டுக்கு வருவார். பாட்டு ஏறி முடிவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புவார். அப்படி அவர் கையால் செத்தவை பல. "எடுக்கலாம்னு செய்தி வந்தப்புறம் எடுங்கண்ணே" என்பேன். "ஒரு குச்சிய உருவறதுக்கு பர்மிஷனாடா? நீ இன்னா, மெஷினுக்கு மருமவனா?" என்பார்.

ஒரு நாள் விடியலில் ஷிப்டுக்குக் கிளம்பியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அண்ணி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, மகாபலிபுரத்துல அலை வந்து வேட்டிய நனைச்சப்போ சிரிச்சாரே, அந்தப் போட்டோவ பேனர்ல போடுங்க. மத்த எல்லாத்துலயும் மொறைச்சிகினே கீறாரு. சிரிச்ச மூஞ்சோட போவட்டும்."

அந்தப் படம் என் பென் டிரைவில் மட்டுமே இருந்தது. மாலைக்குள் உடலை எடுத்தாக வேண்டும்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், பேனர்காரர் படத்தைத் திறந்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' சேர்த்து, அச்சுக்குக் கொடுத்துவிட்டு மெஷினைப் பார்க்கப் பின்னறைக்குப் போனார். இனி கணினிக்கு வேலையில்லை என்று நானே முடிவுசெய்து, பென் டிரைவை முறைப்படி எடுக்க முயன்றேன்.

'இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை.

திறந்திருந்த படத்தை மூடினேன். ஃபோல்டரை மூடினேன். வைரஸைத் தேடும் மென்பொருள்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு அதையும் நிறுத்தினேன். மறுபடியும் அதே பதில். அதற்குள் அண்ணன் மகன் போன் செய்தான்.

"சித்தப்பா, எங்க கீற? எல்லாரும் உனுக்காவ வெயிட் பண்ணிகினு கீறாங்க!"

"பென் டிரைவ் வரமாட்டேங்குதுப்பா."

"புடுங்கினு வா சித்தப்பா!" என்று கத்தினான். அப்படியே அண்ணன் குரல்.

அண்ணன் சிரித்த ஒரே படத்தை எப்படிப் பிடுங்குவேன்? முறையான கடைசி வழி ஒன்று இருந்தது. கணினியையே அணைத்தேன்.

பின்னறையில் மெஷின் சத்தம் நின்றது.

"கரண்ட்டு பூட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டே பேனர்காரர் வந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தார். "சார், அந்தக் குச்சியிலருந்துதான் படம் மெஷினுக்குப் போய்கினு இருந்திச்சு!"

ஆக, கணினி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பேனரில் 'கண்ணீர் அஞ்சலி' இருந்தது, நெற்றி இருந்தது, கண்களும் பாதி மூக்கும் இருந்தன. அதற்குக் கீழே வெள்ளை. இன்னொன்று அடிக்க நேரமில்லை.

அதையே வீட்டு வாசலில் கட்டினார்கள். "அண்ணாத்தய பாதி வழில நிறுத்திட்டாங்களேபா" என்றார் கூட வேலைபார்த்த ஓட்டுநர் ஒருவர். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள்.

அண்ணி வெளியே வந்து பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவரு யாரையும் கேக்காம உருவிக்கினு பூட்டாரு. நீங்க இன்னாங்க தம்பி, மெஷினாண்ட பர்மிஷன் கேட்டுகினு நின்னீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். காலையிலிருந்து வராத அழுகை அந்தச் சிரிப்பின் நடுவில் வந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது கிளம்பத் தாமதித்தால் "பயன்பாட்டுல கீறாரு" என்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவு பேனருக்கு அண்ணன் மகன் போன் செய்து, "சித்தப்பா, இந்த வாட்டி வாயும் வரட்டும்" என்றான்.

இந்த முறை படத்தை என் கணினியில் நகலெடுத்துக்கொண்டேன். பிறகு பென் டிரைவை எடுக்க அனுமதி கேட்டேன். ஒரு தடையும் இல்லை. 'இப்போது பாதுகாப்பாக அகற்றலாம்' என்று உடனே வந்தது.

நான்தான் எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.