ஒற்றைச் சக்கரத்துக்கு எத்தனை எலுமிச்சம்பழம்?

மனிதர்களில் வாங்கிவிட்டுக் கற்றுக்கொள்பவர் என்று ஒரு வகை உண்டு. நீச்சல் தெரியாது, நீச்சல் கண்ணாடி வைத்திருப்பார். புல்லாங்குழல் வாங்கி, அதற்கு உறை வாங்கி, உறையின் ஜிப் கெட்டுப்போய், அதைச் சரிபார்த்துத் தருகிற கடை செரம்பானில் எந்தச் சந்தில் இருக்கிறது என்பது வரை விசாரித்து வைத்திருப்பார். ஊதச் சொன்னால் மட்டும் காற்று வரும். இதை நோய் என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளிகளோடு வேலை பார்க்கிறவள் நான். நோயாளிகள் சில நேரமாவது சொன்ன பேச்சைக் கேட்பார்கள்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், இங்கே மலாய் மண்ணில், செரம்பான் பக்கத்து ஊரான மந்தினைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், சத்தியசீலனைக் காட்டுகிறேன். தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறோம். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளில் ஒரு வரிசைதான் மிச்சம். அதில் ஒரு வீட்டில் சத்தியசீலனும் அவர் மனைவி விமலாவும் இருக்கிறார்கள். அவர் நீலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்து வீட்டில் திருநாவுக்கரசு அய்யா, அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய மண்டோர். ஒரு பக்கம் கைகால் விழுந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். அதட்டுகிற வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பராமரிப்புக்குப் பயிற்சி எடுத்தவள் என்பதால், நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லாருக்கும் நான் மிஸி.

சத்தியசீலன் வாங்கிய பொருள் மின்சார ஒற்றைச் சக்கர வண்டி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சக்கரம், இரண்டு பக்கமும் கால் வைக்க ஒவ்வொரு தட்டு. அவ்வளவுதான். இருக்கை கிடையாது, கைப்பிடி கிடையாது, பிரேக் என்று பிடிக்க ஒன்றும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் வித்தை. அதைப் பெட்டியோடு சேர்த்துத் தருவதில்லை.

பாரோயில் பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று ஃபோனில் பார்த்தார். அன்றைக்கு நான் அய்யாவின் மருந்து வாங்கச் செரம்பான் போக வேண்டியிருந்தது. அதனால் அவர் காரில் நானும் இருந்தேன். விற்பவர் அஸ்வர் என்று ஒரு வாலிபர், நல்ல மரியாதை தெரிந்த பையன், அவருடைய அத்தா டவுனில் உணவகம் வைத்திருக்கிறாராம். வாங்கிவிட்டுக் கற்றுக்கொள்பவர் பழைய சாமான் வாங்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கேட்டார். சார்ஜரை மோந்து பார்த்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, ஒன்றும் புரியாமல், "ம்ம்" என்றார். மழையில் நனைந்ததா, மாடியில் வைத்திருந்தீர்களா கீழே வைத்திருந்தீர்களா, முதல் சொந்தக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று மாப்பிள்ளை வீட்டார்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார்.

ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அஸ்வர் வண்டியை இடது கையால்தான் தூக்கிக் கொடுத்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது.

"கை என்னா தம்பி?" என்று நான்தான் கேட்டேன்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேங்க."

"வண்டில விழுந்ததா?"

"சே சே, ஒரு தடவைகூட விழுந்ததில்ல. எங்க உம்மாகிட்ட வேணும்னா கேளுங்க."

பாத்ரூமில் வழுக்கியவருக்குக் கன்னத்தில் தார்க்கல் சிராய்த்திருக்காது. நான் சத்தியசீலனைப் பார்த்தேன். அவர் வண்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டக் கூடாது என்று சட்டம் இருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வாங்கியதோ, வீட்டிலிருந்து மந்தின் பஸ் ஸ்டாப்புக்குப் போக. நீங்களோ நானோ என்றால் தலையில் கை வைத்திருப்போம். அவர் அசரவில்லை. "ரோட்டுக்கு யார் வாங்கினா? இது எக்சர்சைஸுக்கு லா" என்றார். இந்த இனத்தாருக்குப் பொருள் மாறாது, காரணம்தான் மாறும்.

புது வண்டி என்றால் பூசை போட வேண்டுமே? பழைய வண்டியும் வீட்டுக்குப் புதுசுதான். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். பூசாரி திருச்செல்வம் லாரிக்குப் பூசை போட்டிருக்கிறார், ஸ்கூல் வேனுக்குப் போட்டிருக்கிறார், ஒரு முறை செம்பனைப் பழம் ஏற்றுகிற டிராக்டருக்குப் போட்டிருக்கிறார். பழக்கத்தில் நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, மறுபடியும் சுற்றி வந்தார்.

"மத்த சக்கரம் எல்லாம் எங்க?"

"இதுக்கு ஒண்ணுதான் சாமி."

"ஒரு பழத்துக்கு நான் எப்படி மந்திரம் சொல்றது?"

கடைசியில் ஒரு பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பழத்தை நசுக்க வண்டி நகர வேண்டும். வண்டி நகர யாராவது ஏற வேண்டும். ஏறத் தெரியாது. "பரவால்ல, கையால உருட்டலாம்" என்று சத்தியசீலன் பொத்தானை அழுத்திவிட்டு லேசாக முன்னால் சாய்த்தார். சாய்த்தால் போகும் என்று நான் சொன்னேன் அல்லவா? போனது. பழத்தை நசுக்கி, பூசைத் தட்டைத் தட்டிவிட்டு, போட்ட மாலையோடும் வைத்த பொட்டோடும் தனியாகக் கோயிலை வலம் வர ஆரம்பித்து, பாதி வலத்தில் சாக்கடையில் இறங்கியது. வாங்கிய பிறகு அந்த வண்டி முதன்முதலாக ஒழுங்காக ஓடியது அன்றைக்குத்தான். அப்போது அதன்மேல் அவர் இல்லை.

பிறகு பயிற்சி. வாங்கிவிட்டுக் கற்றுக்கொள்பவரின் பயிற்சி எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் உடை. தலைக்கவசம், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்று புகைப்படம். அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, "இவன் தோள் தப்பு" என்று திருத்துவது. அப்புறம்தான் ஏறுவது. ஏறி, லயத்துச் சுவரைப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி, மாரியம்மா வீட்டு ஜன்னல், தனலெட்சுமி வீட்டுத் துணிக்கொடி என்று எது கிடைத்தாலும் பற்றிக்கொண்டு, தனலெட்சுமியின் போர்வையோடு தரையில் சேருவது.

விழுந்தால் காரணம் தயாராக இருக்கும். காற்று. மண். செருப்பு. டயரில் காற்று அதிகம். மறுநாள், காற்று குறைவு. "நீங்க கூப்பிட்டீங்க, கவனம் போச்சி." எல்லாவற்றுக்கும் மேலாக, "காலையில நல்லா வந்துச்சு மிஸி, நீங்கதான் பார்க்கல." இவர்களுடைய சாதனைகள் எல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில்தான் நடக்கும். ஒவ்வொரு முறை எழுந்திரிக்கும்போதும் ஒரு வசனம்: "ஃபீல் வந்துடுச்சு!"

ஃபீல் வந்தது. ஆள் வரவில்லை. நான் அய்யாவை நடக்கவைக்கப் பயன்படுத்துகிற இடுப்பு வாரை எடுத்து வந்து இவர் இடுப்பில் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டேன். "காலைப் பாக்காதீங்க. தூரமா பாருங்க. விழுந்தா கைய ஊனாதீங்க." பக்கவாதம் வந்து மறுபடி நடை பழகுகிறவர்களுக்குச் சொல்வதைத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் வீடியோவுல பார்த்துட்டேன் மிஸி" என்று காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

விமலா பொறுத்துப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவள், விடியுமுன் மாவாட்ட வேண்டும். மாவு மெஷின் பிளக்கில் வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த காலையில் அவள் பொறுமை முடிந்தது.

"இந்தா பாருங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர் லாமா லாரி வருது. அதுக்குள்ள இந்த வாசல்லேருந்து கோயில் வாசல் வரைக்கும், செவத்தப் பிடிக்காம, கொடியப் பிடிக்காம, மிஸி பின்னால புடிக்காம ஓட்டிக் காட்டணும். இல்ல, பழைய பேப்பரோட அதையும் ஏத்தி விட்டுருவேன்."

"ஹேய், விளையாடாத லா."

"நான் என்னைக்கு உங்ககூட விளையாடினேன்?"

விளையாடியதில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சத்தியசீலன் முகம் முதல் முறையாக வெளிறியது. சாமான் போனால் வேறு வாங்கலாம். ஆனால் தொழிற்சாலையில், கோயில் கமிட்டியில், போர்டிக்சனில் இருக்கும் மச்சான் வீட்டில் எல்லாம் "ஓட்டுறேன்" என்று சொல்லிவைத்திருக்கிறாரே, அந்த முகத்தை எங்கே போய் வாங்குவது?

சனிக்கிழமை காலை அய்யாவை வெயில் காய வைத்திருந்தேன். நாற்காலி பிரேக் போட்டுத்தான் இருந்தது. நான் போடாமல் விடுவதில்லை. சத்தியசீலன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். சுவர் முடிந்தது. கை காற்றில் துழாவி, அய்யாவின் நாற்காலிப் பிடியில் விழுந்தது. அய்யா நல்ல கையால் பிரேக்கை எடுத்துவிட்டார். வேண்டுமென்றே.

"தள்ளுடா!"

தள்ளினார். நாற்காலி முன்னால், அதைப் பிடித்தபடி ஒற்றைச் சக்கரத்தில் இவர் பின்னால். ஆடவில்லை, அசையவில்லை, பட்டுப் போலப் போனார்கள். நான் வாரோடு பின்னால் ஓடினேன். அய்யா தொரை வருவதைப் போல வலதுபக்கமும் இடதுபக்கமும் பார்த்துக்கொண்டு, "இன்னும் வேகமா, சோம்பேறி! நாசி லெமாக் கடைக்கு விடு!" என்று அதட்டிக்கொண்டே போனார். திரும்பி வந்ததும் ரத்த அழுத்தம் பார்த்தேன். மருந்து கொடுத்தும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அதனால் திட்டுவதைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லயமே வாசலில் நின்றது. லாரி ஒலிபெருக்கியில் "பேப்பர் லாமா, பெசி லாமா" என்று பழைய பேப்பரையும் பழைய இரும்பையும் மலாயில் கேட்டுப் பாடிக்கொண்டு வந்து கோயிலுக்குப் பக்கத்தில் நின்றது. லாரிக்காரர் பின்னால் அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி அடுக்கத் தொடங்கினார். சத்தியசீலன் வந்தார், கவசங்களோடு. முன்னால் அய்யாவின் நாற்காலி. அய்யாவை இடுப்பு வாரால் நாற்காலியோடு கட்டி, தலையில் கவசமும் போட்டுத்தான் நான் அனுப்பினேன்.

"இது என்னா கூத்து?" என்றாள் விமலா.

"செவத்தப் பிடிக்கக் கூடாதுன்ன. கொடியப் பிடிக்கக் கூடாதுன்ன. நாற்காலியச் சொன்னியா?"

விமலா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

கிளம்பினார்கள். கோயில் பக்கம் லேசான இறக்கம். பாதி வழியில் மரத்தடியில் அந்த நாசி லெமாக் கடை, தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் விற்பது. அய்யாவுக்கு வாசனை வந்துவிட்டது. மண்டோர் யாரையும் கேட்டு வேலையை நிறுத்துகிறவர் இல்லை, பிரேக்கை இழுத்தார். நாற்காலி அப்படியே நின்றது, அய்யா வாரில் பத்திரமாக இருந்தார். சத்தியசீலனின் கை மட்டும் பிடியிலிருந்து நழுவ, அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, முன்னால் போய்விட்டார்.

தனியாக.

யாரையும் பிடிக்கவில்லை. எதையும் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் சிறகு மாதிரி விரித்து, பயத்தில் காலைப் பார்க்க மறந்து, தூரத்தில் தெரிந்த லாரியையே பார்த்துக்கொண்டு, கோயில் வாசலைத் தாண்டி, திருச்செல்வம் பூசாரியைத் தாண்டிப் போனார். தனலெட்சுமி கொடியில் கிடந்த போர்வையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாரியம்மா குலவை போட்டாள். விமலாகூட வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள், நான் பார்த்தேன்.

"விமலா! பாத்தியா! விமலா! இது எப்படி நிக்கும்?"

நிற்க அவர் கற்றுக்கொள்ளவில்லை. லாரிக்குப் பின்னால் இருந்த அட்டைக் குவியலில் போய்ச் சேர்ந்தார். வண்டி துள்ளி, லாரியின் பின்பலகைமேல் தானாகவே ஏறி, பழைய பேப்பருக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

லாரிக்காரர் குனிந்து, இதை விற்கப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டார்: "பாஸ், இனி மாவ் ஜுவால்?"

"ஃபீல் வந்துடுச்சு" என்றார் சத்தியசீலன், வானத்தைப் பார்த்தபடி. அவர் கையை ஊன்றியிருந்தார். எத்தனை முறை சொன்னேன்? லாரியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து, சுருட்டி, மணிக்கட்டுக்கு அண்டை கொடுத்துக் கட்டினேன். லாரிக்காரர் அதை நிறுக்காமலே கொடுத்தார். விமலா சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை. வண்டியை லாரியிலிருந்து அவளே இறக்கினாள். கார் சாவியை எடுத்ததும் அவள்தான், ஆஸ்பத்திரிக்கு. வழி முழுக்கத் திட்டினாள், வழி முழுக்கச் சிரித்தாள்.

இப்போது அந்த வண்டி விற்பனைக்கு. லாரிக்கு இல்லை, "பெரிய மாடல் வாங்கப் போறேன்" என்று அவரே ஃபோனில் போட்டிருக்கிறார். போன வாரம் போர்டிக்சனிலிருந்து தர்மேந்திரன் என்று ஒரு வாத்தியார் வந்தார். பேட்டரியைக் கேட்டார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, "ம்ம்" என்றார். சத்தியசீலன் வண்டியை இடது கையால் தூக்கிக் கொடுத்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்தது.

"ஒரு தடவைகூட விழுந்ததில்ல சார். இது பாத்ரூம்ல வழுக்கினது."

"விக்காதேடா, நான் கடைக்கு எதுல போறது?" என்று நாற்காலியிலிருந்து அய்யா கத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் காதில் அது விழவில்லை. அவர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் துணி காயப்போட்டிருக்கிறீர்களே, அந்த ஓட்டப்பயிற்சி மெஷின், அது யாருடையது? இதைப் படித்துக்கொண்டே, பழைய ஒற்றைச் சக்கரம் எங்காவது விலைக்கு வருகிறதா, சும்மா பார்க்கலாமே என்று ஃபோன் பக்கம் ஒரு விரல் நகர்ந்ததே, அதை நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? தேடுங்கள், தடுக்க நான் யார்? போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். வண்டியைப் பார்க்கும் முன், விற்கிறவரின் கையைப் பாருங்கள்.