பச்சை என்றால் ஏர்த்

அஜின்கோர்ட்,
1995 ஆடி, வியாழக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் மகேஸ்வரனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அஜக்ஸில் நீரும் பெண்சாதி பிள்ளைகளும் நலமாயிருக்க முருகன் துணைநிற்பார். ஒரு கோல் எடுத்துச் சொல்லக்கூடிய விஷயத்துக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர். தொலைபேசியில் நான் நாலு சொல் சொல்வதற்குள் நீர் சிரிக்கத் தொடங்கிவிடுகிறீர். கடிதத்துக்கு நடுவில் சிரித்தால் எனக்குக் கேட்காது. ஆகவே ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசியும்.

மகள் வீட்டுச் சுவரில் தெர்மோஸ்ராற் என்று ஒரு வட்டப் பெட்டி இருந்ததல்லவா, சூடாக்கு, குளிராக்கு என்று பேஸ்மன்றிலுள்ள ஃபேர்னஸுக்குக் கட்டளையிடுகிற சாமான், அது சொல்வழி கேளாமல் போய்விட்டது. வெளியே முப்பத்தைந்து பாகை வெயில், உள்ளே அதைவிட ஒரு பாகை கூட. மருமகன் துஷாந்த் கோல் எடுத்தால் மெக்கானிக் அடுத்த கிழமைதான் வருவானாம். உம்முடைய அக்கா யோகராணி ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஊர் முழுக்கக் கறண்ட் குடுத்த மனிசன், வீட்டிலை ஒரு காத்துக்கு வழியில்லை" என்றாள். நீரே சொல்லும், முப்பது வருடம் கம்பத்தில் ஏறியும் ஏற்றியும் லைன் ஓவர்சியராக இருந்து இளைப்பாறியவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாமா? போய்ப் புதுப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தேன்.

முதலில் பிரேக்கரை நிறுத்தினேன். இதை நீர் நாலு பேருக்கு எடுத்துச் சொல்லவேண்டும், நான் ஒன்றும் தெரியாமல் கைவைத்தவன் அல்ல. பழையதைக் கழற்றினால் சுவருக்குள்ளிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என்று நாலு வயர் எட்டிப்பார்க்கின்றன. புதியதில் ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. முதல் மூன்றையும் அந்தந்த எழுத்துக்குக் கொடுத்து முறுக்கினேன். மிச்சம் பச்சை, அதன் எழுத்து ஜி. பச்சை என்றால் ஏர்த், நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதற்குமேல், இந்த நாட்டில் ஏர்த்துக்குக் கிரவுண்ட் என்று பெயர் என எனக்குப் படிப்பித்தது யார்? நீர்தான். போன வருடப்பிறப்புக்கு உம்முடைய கராஜில் நின்று, "அத்தான், இஞ்சை ஏர்த் எண்டு கேட்டால் கடைக்காரன் முழிப்பான், கிரவுண்ட் எண்டு கேளுங்கோ" என்றீர். பச்சையும் ஏர்த், ஜியும் கிரவுண்ட். இரண்டு சாட்சி ஒரே கதையைச் சொன்னால் நீதவானுக்கு வேறென்ன வேலை? ஆனால் பிளாஸ்ரிக் பெட்டியின் ஆணியில் ஏர்த்தை முடிந்துவிட்டால் அது மண்ணுக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஆகவே பச்சையோடு நீள வயர் ஒன்றைச் சேர்த்து, படிக்கட்டுச் சுவரோடு வளையாமல் நெளியாமல் இழுத்து, பேஸ்மன்றில் தண்ணீர்க் குழாயில் சுற்றி இறுக்கினேன். அவ்வளவு வடிவான வேலை. முடித்த கையோடு உம்முடைய அக்கா அதில் கைதுடைக்கிற துணியைக் காயப்போட்டாள், அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிரேக்கரைப் போட்டு விசையைக் குளிர்ப் பக்கம் தள்ளினேன். வெளியே வளவிலிருக்கும் ஏசிப் பெட்டி உறுமத் தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள், இப்போது கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் உள்ளே நிலத்துத் துவாரங்களில் காற்று வரவில்லை. புதுச் சாமான், பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று சொல்லி இன்னும் குறைத்துவைத்தேன். பின்னேரம் வரை வெளியே பெட்டி உறுமியது, உள்ளே உம்முடைய அக்கா உறுமினாள். பிறகு பேஸ்மன்றிலிருந்து மகள் நிலாணி, "அப்பா, தண்ணி" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ஃபேர்னஸின் அடியிலிருந்து வாய்க்கால் வெட்டிவிட்டதுபோலத் தண்ணீர் ஓடுகிறது. அது போகிற வழியில் உம்முடைய அக்கா ஊரிலிருந்து வரவழைத்த பனங்கிழங்கு ஒடியல் மா கூழாகிக்கொண்டிருந்தது. துஷாந்த் ஃபேர்னஸின் மேல்தகட்டைக் கழற்றினார், உள்ளே குழாயெல்லாம் ஒரே ஐஸ்கட்டி. ஆடி வெயிலில் வீட்டுக்குள் ஐஸ் உண்டாக்கியவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான், அதற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை.

"மாமா, பச்சை ஃபானுக்கு. ஜி எண்டால் ஃபான். ஃபான் சுத்தாட்டில் குளிர் அங்கையே நிண்டு ஐஸாப் போகும்."

"ஃபானுக்கு எஃப் எல்லோ போடவேணும்?"

"அது எனக்குத் தெரியாது மாமா. இஞ்சை ஜி தான்."

பாரும் நியாயத்தை. இருபத்தாறு எழுத்து வைத்திருக்கிற பாஷையில் ஃபானுக்குக் கொடுக்க ஓர் எஃப் கிடைக்கவில்லையாம். நாங்கள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட இடம் மாற்றிவைக்கவில்லை. துஷாந்த் என் வயரை அவிழ்த்து, பச்சையை அந்த ஜி ஆணியிலேயே முடிந்தார், ஐஸ் கரைந்ததும் காற்று வந்தது. காற்று வந்தபடியால் நான் பிழை என்று ஆகாது. பிழையான நாட்டில் சரியாகச் செய்தேன், அவ்வளவுதான்.

இதோடு விஷயம் ஆறியிருக்கும். துஷாந்த் உமக்குக் கோல் எடுக்க, நீர் சிரித்து முடித்துவிட்டு, "அத்தானை இனி வயருக்குக் கிட்ட விடாதேங்கோ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர். அதுவே இந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் என்னை நடுவில் இருத்தி, இனி வயரில் கைவைக்கமாட்டேன் என்று வாக்குத் தரச் சொல்கிறார்கள். நான் தரவில்லை. "வாக்குத் தராட்டில் சோறு இல்லை" என்றாள் உம்முடைய அக்கா. பாண் இருக்கிறது என்றேன். பாணும் சம்பலும் என்று நான் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பேன்.

மகேஸ்வரன், இந்த நாட்டில் பஸ் எங்கே நிற்கும் என்பதை நான் மகளிடம் கேட்கவேண்டும். என் வயிற்றுவலியை டொக்ரருக்கு மருமகன் சொல்கிறார். இந்தக் கைக்குத் தெரிந்தது வயர் ஒன்றுதான். அதையும் பறித்தால் நான் இந்த வீட்டில் யார், குப்பைவாளியை வெளியே வைக்கிறவனா? எனக்கு நோகிறது. நீர் சிரித்தது அதைவிட நோகிறது. ஆகவே முடிவாகச் சொல்கிறேன், மன்னிப்பும் கேட்கமாட்டேன், வாக்கும் கொடுக்கமாட்டேன். இன்னும் நெருக்கினால் சூட்கேசோடு உம்மிடம் வந்துவிடுவேன், மேல்மாடி அறையை ஒதுக்கிவையும்.

கோபத்தோடு எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறைவைக்கவில்லை. நீரும் குடும்பமும் குறைவில்லாத செல்வத்தோடும் குறையாத சிரிப்போடும் நீடு வாழ்க.

இங்ஙனம்,
வாக்குக் கொடாத உம்முடைய அத்தான்,
ஜெயரட்ணம்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது நிலாணி வந்து பக்கத்தில் இருந்தாள். இந்தச் சண்டை முழுவதிலும் என்னிடம் வாக்குக் கேட்காதவள் அவள் ஒருத்திதான். "அப்பா, கறண்ட் அடிச்சு உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் ஆரைப் போய் அப்பா எண்டு கூப்பிடுறது?" என்று கேட்டு அழுதாள். அந்த வயரில் ஓடுவது வெறும் இருபத்துநாலு வோல்ற், ஒரு நுளம்புகூட அதில் சாகாது. சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவள் தலையில் கைவைத்து வாக்குக் கொடுத்துவிட்டேன். அறை வேண்டாம். ஆனால் வாக்கு இந்த வீட்டுக்கு மட்டும்தான். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வருகிறேன். உங்கள் வீட்டுத் தெர்மோஸ்ராற்றும் பழசு என்று கேள்வி. ஸ்குரூ டிரைவரை நான் கொண்டுவருவேன், நீர் பிரேக்கரை மட்டும் நிறுத்திவையும்.